வெளிச்சத்தில் தொலைந்த ஷீட்

இருட்டில் மட்டுமே தெரிகிற ஒரு பொருளை வெளிச்சத்தில் தொலைத்துவிட்டால், அதைக் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். உலகத்தில் இந்தக் கஷ்டத்தை அனுபவித்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். கம்மலைத் தொலைத்தவர்கள் உண்டு, சாவியைத் தொலைத்தவர்கள் உண்டு, பாறசாலை ரயில் நிலையத்தில் மாமனாரையே தொலைத்த ஒருவரையும் எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் விளக்கைப் போட்டுத் தேடினார்கள். நான் விளக்கை அணைத்துத் தேடினேன். அதுவும் உச்சி வெயிலில், கம்பளியைத் தலைவழியாகப் போர்த்திக்கொண்டு.

நான் பாறசாலைக்காரி. எங்கள் வீட்டில் ரப்பர் என்றால் பென்சில் கோட்டை அழிப்பது, அவ்வளவுதான். கல்யாணம் கட்டிப் போனது ஆரியங்கோட்டுப் பக்கம். அங்கே ரப்பர்தான் காலண்டர். மழை பெய்தால் பால் இல்லை, இலை உதிர்ந்தால் பால் இல்லை, பால் உள்ள நாளில் மனிதர்களுக்குப் பேச நேரம் இல்லை. மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு மாமியே கத்தியை எடுத்து, பட்டையைக் கீறிப் பால் வெட்டத் தொடங்கினார். வெட்டுவது, பால் எடுப்பது, அதை உறையவைத்து ஷீட்டாக அடிப்பது, ஷீட்டுக்குப் புகை போடுவது எல்லாம் மாமிதான். மாமியின் ஷீட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவளின் மூக்குத்தி தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. (நான் நின்று பார்த்திருக்கிறேன். மூக்குத்தி தெரியாது. மூக்கு தெரியும்.)

என் கணவர் பினுவுக்குக் கொச்சியில் வேலை, சனிக்கிழமைதோறும் வருவார். நான் திருவனந்தபுரத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். நெய்யாற்றின்கரை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. ஆராய்ச்சி எதைப் பற்றி என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "இருட்டில் ஒளிரும் பொடி" என்று சொல்வேன். "அது கடையில கிடைக்குமே" என்பார்கள். உண்மை. கடையில் கிடைக்கிற ஒன்றைத்தான் நான் மூன்று வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பொடி சாதாரணப்பட்டது அல்ல. ஸ்ட்ரான்சியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு சேர்மம், அதில் யூரோப்பியம் ஒரு சிட்டிகை, டிஸ்ப்ரோசியம் ஒரு சிட்டிகை. யூரோப்பியம்தான் வெளிச்சம் தருகிற ஆள். வெயில் பட்டதும் அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும். சாதாரணப் பொருளாக இருந்தால் கிளம்பிய எலக்ட்ரான் அந்த நிமிஷமே திரும்பி வந்துவிடும், கதை முடிந்தது. இங்கே டிஸ்ப்ரோசியம் வழியெல்லாம் குழி வெட்டி வைத்திருக்கும். எலக்ட்ரான் அதில் விழுந்து மாட்டிக்கொள்ளும். பிறகு சுற்றியுள்ள வெதுவெதுப்பு அதை உலுக்கி உலுக்கி மேலே ஏற்றிவிடும். ஒவ்வொன்றாக ஏறி யூரோப்பியத்திடம் திரும்பி வரும்போதுதான் பச்சை வெளிச்சம் வரும். ஒரே நேரத்தில் எல்லாம் ஏறுவதில்லை என்பதால்தான் விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்காக ஒளிர்கிறது.

இதை மாமிக்கு ஒருமுறை விளக்கினேன். வாழைக்கு வெட்டின குழியில் கோழிக்குஞ்சுகள் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றொன்றாகத் துள்ளித் துள்ளித்தான் வெளியே வரும், அதுபோல என்றேன். மாமி கடவப் பெட்டியில் மரச்சீனிக் கிழங்கை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"குழியில விழுந்த குஞ்ச பூனை கொண்டுபோவாதோ?"

அதற்கு என் ஆய்வேட்டில் பதில் இல்லை. (உண்மையில் உண்டு. வெளிச்சம் தராமலே வீணாகப் போகிற எலக்ட்ரான்களும் இருக்கின்றன. மாமி கேட்டது சரியான கேள்வி என்று எனக்குப் புரிய மேலும் மூன்று மாதம் ஆயிற்று.)

அந்தச் சமயத்தில் என் வழிகாட்டி ஒரு யோசனை சொல்லியிருந்தார். பொடியை ரப்பரில் கலந்து, படிக்கட்டு ஓரத்தில் ஒட்டுகிற பட்டையாகச் செய்து பார்க்கலாம் என்று. அதற்கு ரப்பர் பால் வரவழைக்க வேண்டும், அனுமதி வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. வீட்டுக் கொல்லையில் தினமும் பக்கெட் பக்கெட்டாகப் பால் வருகிறது, நான் எதற்கு அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்?

இதில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அது மாமியின் வாழ்க்கையிலேயே பெரிய வாரம்.

எங்கள் ஊரில் ரப்பர் விவசாயிகளின் சங்கம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஆபீசர் ஒருவர் வந்து வகுப்பு எடுப்பார். அன்று மேடையில் கயிறு கட்டி, ஊரிலேயே நல்ல ஷீட் அடிக்கிற வீட்டிலிருந்து ஐந்து ஷீட்டைத் தொங்கவிட்டு, "இதுதான் மாதிரி, இப்படிச் செய்யுங்கள்" என்று காட்டுவார். ஷீட்டின் மேலே வீட்டுக்காரரின் பெயர் எழுதிய அட்டை தொங்கும். எத்தனையோ வருஷமாக அந்த அட்டையில் மேல்வீட்டு சரோஜா அக்காவின் பெயர்தான். சரோஜா அக்கா வீட்டில் வெட்டுகிறவர் வேறு, அடிக்கிறவர் வேறு, அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார் என்பது மாமியின் நீண்டகால வயிற்றெரிச்சல். அந்த வருஷம் சங்கச் செயலாளர் தங்கராஜன் அண்ணன் பைக்கில் வந்து முற்றத்தில் நின்று, இந்தத் தடவை ஷீட் உங்கள் வீட்டிலிருந்து என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி அவரிடம் "ம்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் வேலைக்கு நடுவில் மாமி எதையோ முணுமுணுத்துப் பாடியதை நான் முதல்தடவையாகக் கேட்டேன்.

மறுநாள் காலை மாமி பாலை அரித்து வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, அலுமினிய டிஷ்களில் ஊற்றி வரிசையாக வைத்தார். ஒரு பொடி விழக்கூடாது, ஒரு முடி விழக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பாலை உறையவைக்கிற ஆசிட்டைக் கலக்க உள்ளே போனார். என் பையில் பொடி இருந்தது. ஆய்வகத்தில் அதைத் தராசில் நான்கு தசம இடம்வரை நிறுப்பேன். வீட்டில் சீனி டப்பாவில் கிடந்த ஸ்பூனால் அள்ளி, ஓரத்திலிருந்த டிஷ்ஷில் போட்டேன். பொடி அடியில் தங்கிவிடாதபடி கிளறிக்கொண்டே நின்றேன். மாமி திரும்பி வந்து பார்த்தபோது மருமகள் பயபக்தியோடு ரப்பர் பாலைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். மாமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பிள்ளைக்கு ரப்பரில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது என்று அன்றைக்கே போனில் பினுவிடம் சொல்லியிருக்கிறார்.

பால் உறைந்தது. மாமி ஒவ்வொன்றையும் எடுத்து, கையால் அமுக்கிப் பரத்தி, முதலில் வழுவழுப்பான ரோலரிலும் பிறகு வரிவரியாகப் பள்ளம் போட்ட ரோலரிலும் விட்டார். நான் சக்கரம் சுற்றினேன். என் ஷீட் வந்ததும் அதன் மூலையில் சின்னதாக ஓட்டை போட்டு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டேன். அடையாளம். கூட்டத்துக்கு எடுக்கும்போது இதை மட்டும் நைசாக உருவிக்கொள்ளலாம் என்பது திட்டம். கழுவி எடுத்த ஷீட்களைக் கம்பில் விரித்துப் போட்டதும் நான்தான். அதற்கு நடுவில் ஒரு தடவை போய், பொடிப் பாக்கெட் நனைந்துவிட்டதோ என்று ஈரக்கையால் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். (ஆராய்ச்சியாளர் என்றால் அப்படித்தான், அடிக்கடி சரிபார்ப்போம்.)

மறுநாள் மதியம் சோறு சாப்பிடும்போது மாமி சொன்னார்.

"ஷீட்டுல எங்கேருந்தோ ஒரு செவப்பு நூலு வந்து சிக்கிக் கெடந்துது மக்கா. நான் கண்டதுகொண்டு ஆச்சு. அந்த மூலையக் கொஞ்சம் வெட்டிக் களஞ்சிட்டு எல்லாத்தையும் புகைக்குக் கேற்றியாச்சு."

ஷீட்டில் வேறு பொருள் எது இருந்தாலும் தரம் இறங்கிவிடும், அதனால் ரப்பர்காரர்கள் கண்ணுக்கு நூல், இலை, தூசி எல்லாம் ஒன்றுதான். நான் அடையாளம் என்று கட்டியதை மாமி அழுக்கு என்று வெட்டிவிட்டார். மூலையையும் ஒதுக்கி வெட்டியதில் என் ஓட்டையும் போயிற்று. இப்போது ஷீட் உலர்த்துகிற புகைப்புரைக்குள் வரிசையாக ஒரே நிறத்தில், ஒரே அளவில் ஷீட்கள் தொங்குகின்றன. அதில் ஒன்று என்னுடையது. எது என்று கடவுளுக்கும் யூரோப்பியத்துக்கும்தான் தெரியும்.

அப்போதே மாமியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருட்டில் ஒளிர்வதுதானே, கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்ற திமிர். மாமி சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் புகைப்புரைக்குள் நுழைந்தேன். சன்னல் இல்லாத சின்ன அறை, கீழே விறகு கனன்றுகொண்டிருந்தது, பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. இதைவிட நல்ல ஆய்வகம் எங்கே கிடைக்கும்? கதவைச் சாத்தினேன், போன் டார்ச்சை ஒவ்வொரு ஷீட்டிலும் அடித்தேன், அணைத்தேன், உற்றுப் பார்த்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. முதல் காரணம், புகையில் என் கண் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது, டார்ச் வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழகவே நேரம் பிடிக்கும். மூன்றாவதுதான் எனக்கு வெட்கக்கேடு. சூட்டில் எலக்ட்ரான்கள் குழியிலிருந்து வேகவேகமாக வெளியேறிவிடும். நன்றாக ஒளிர்ந்து சீக்கிரம் ஓய்ந்துவிடும். புகைப்புரை முழுக்கச் சூடு. என் கண் தயாராவதற்குள் என் ஷீட் தன் பங்கை முடித்துக்கொண்டு சும்மா இருந்தது. வெப்பநிலை கூடினால் ஒளிரும் நேரம் குறையும் என்று நானே வரைபடம் போட்டு மூன்றாவது அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். எழுதியவளுக்கே அது ஞாபகம் வரவில்லை என்றால் படிப்பவர்களைக் குறைசொல்லி என்ன பயன்?

சரி, ஷீட்டை வெளியே கொண்டுபோய் ஆறவைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்து வெயிலில் காட்டுவது, பிறகு இருட்டில் பார்ப்பது. இருட்டுக்கு எங்கே போக? கட்டில் மேலிருந்த கம்பளியை எடுத்து வந்து, முற்றத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்து, ஷீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக் கம்பளியைத் தலையோடு மூடிக்கொண்டேன். மூன்றோ நான்கோ பார்த்திருப்பேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கம்பளியை விலக்கினால் மாமி, கையில் மீன் பொதியோடு.

நடுப்பகல். முகமெல்லாம் கரி. கண் சிவந்து கலங்கியிருக்கிறது. மருமகள் பாதி புகை ஏறிய ரப்பர் ஷீட்டை மூக்கோடு அணைத்துக்கொண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். என்ன விளக்கம் சொல்ல? "மணம் நல்லா இருந்துச்சு மாமி" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாயில் அதுதான் வந்தது.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமே இல்லை. ஷீட்டை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார், வெயிலில் இருக்காதே என்று கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார், அன்று மீனில் நடுத்துண்டெல்லாம் எனக்கே வைத்தார். சாயங்காலம் ஒரு பை நிறைய பச்சை மாங்காய் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில பெண்களுக்கு அந்த நேரத்தில் மண் வாசம் பிடிக்கும், சிலருக்குச் சுண்ணாம்பு பிடிக்கும், நம்ம பிள்ளைக்கு ரப்பர் புகை பிடித்திருக்கிறது என்று மாமி முடிவு செய்துவிட்டார். இரவு பினு போன் செய்து, "உண்மையா?" என்று கேட்டார். என்ன உண்மையா என்று நான் எரிந்து விழுந்ததில் அவரும் குழம்பிப் போனார்.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஷீட்டைப் பற்றிச் சொன்னால் மாங்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேறுவிதமாக யோசித்து மனதைத் தேற்றிக்கொண்டேன். வகுப்பு நடப்பது பகலில். பகலில் என் ஷீட்டும் மற்ற ஷீட் மாதிரிதான் இருக்கும். போவார்கள், பார்ப்பார்கள், கைதட்டுவார்கள், வருவார்கள். எந்த மடையன் பட்டப்பகலில் இருட்டைக் கொண்டுவரப் போகிறான்?

கூட்டத்தன்று காலை மாமி நல்ல முண்டும், தோளில் போடுகிற நேரியதும் கட்டி, ஷீட்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றாக வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, ஒன்றை மட்டும் தனியாக வைத்து, இது என்னமாய் வெளுத்து வந்திருக்கிறது பார் என்று என்னிடம் காட்டினார். ரப்பர் ஷீட்டில் நிறம் எவ்வளவு வெளுப்போ அவ்வளவு மதிப்பு. என் பொடி வெளிர் மஞ்சள். அதனால்தான் அந்த வெளுப்பு. நான் கம்பளிக்குள் உட்கார்ந்து தேடியதை மாமி ஒரே பார்வையில் எடுத்து, கண்காட்சிக்கு நடுநாயகமாக வைத்துவிட்டார். வேறு ஷீட் வைக்கலாமே மாமி என்று இழுத்தேன். ஒனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

சங்கக் கட்டடத்தின் ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சரோஜா அக்கா, கைகட்டி, உதட்டைச் சுழித்து. மேடையில் கயிறு, கயிற்றில் ஐந்து ஷீட், மேலே அட்டையில் மாமியின் பெயர். ஆபீசர் மலையாளத்தில் நல்ல கணீர் குரலில் பேசினார். ஷீட் என்றால் இதுதான் ஷீட் என்றார். எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, ஒவ்வொரு ஷீட்டையும் வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். குமிழி இல்லை, புள்ளி இல்லை, அழுக்கு இல்லை, வேறு பொருள் என்று ஒரு துளி கிடையாது என்று அடித்துச் சொன்னார். அந்தப் பத்து நிமிஷமும் ஆடி மாத மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. நான் மனதுக்குள் எலக்ட்ரான்கள் குழியில் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோரும் உள்ளே வந்தோம். ஷீட்கள் பழையபடி கயிற்றில் ஏறின. ஆபீசர், இனி படங்கள் பார்க்கலாம் என்றார்.

அப்போதுதான் சன்னல்களைப் பார்த்தேன். மரத்துக்கு மழைமறை கட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக்கைத் தங்கராஜன் அண்ணன் எல்லா சன்னலிலும் சுருட்டிக் கட்டியிருந்தார். ஒன்றொன்றாக அவிழ்த்து விட்டார். கதவைச் சாத்தினார். விளக்கை அணைத்தார். புரொஜெக்டர் ஒரு பழைய சாமான். அது உறுமி, சூடாகி, வெளிச்சம் விட நேரம் எடுத்துக்கொண்டது.

நடுவில் தொங்கிய ஷீட் முழுசாகப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. என் ஷீட்டில் ஒட்டியிருந்த பொடி ரோலரின் பள்ளங்களில் தங்கி, அடுத்தடுத்து வந்த ஷீட்களிலும் இறங்கியிருக்கிறது போலும், மற்ற மூன்றிலும் வரிவரியாகப் பச்சைப் புள்ளிகள். ஒன்றுமே கலக்கவில்லை என்று சற்றுமுன் நற்சாட்சி வாங்கிய ஷீட்கள். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது ஓரத்தில் தொங்கிய ஐந்தாவதை. அதில் ஒரு கை. விரல்களை விரித்து, அழுந்தப் பதிந்த வலது கை.

ஈரக்கையால் பாக்கெட்டைத் திறந்தது, வந்து ஷீட்டை விரித்துப் போட்டது எல்லாம் எனக்கு ஒரு நொடியில் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன். கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

யாரோ போன் டார்ச்சைப் போட்டார்கள், கை மறைந்தது. அணைத்தார்கள், வந்தது. ஆபீசர் கிட்டே போய்ப் பார்த்தார். திரும்பி, கோபமில்லாமல், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது ஆருடெ கையா?"

என் பக்கத்தில் மாமி எழுந்தார்.

"எனக்க கையாக்கும் சார்."

அந்த நேரம் பார்த்துப் புரொஜெக்டர் உயிர்பெற்று ஹாலில் வெளிச்சம் பரவியது. எல்லோரும் மாமியின் கையைப் பார்த்தார்கள். மாமியின் வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் உண்டு. மிச்சம் பல வருஷத்துக்கு முன்பு ரோலரில் போயிற்று. அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும், பாதிப்பேர் அன்று ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனவர்கள். ஷீட்டில் இருந்த கையில் விரல் ஐந்தும் முழுசாக இருந்தன. மாமி அப்போதுதான் அதைக் கவனித்திருக்க வேண்டும், மெதுவாகக் கையை நேரியதுக்குள் இழுத்துக்கொண்டார்.

சரோஜா அக்கா ஷீட்டைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா சார், அவளுக்க கைதான்" என்று சாட்சி சொன்னார். (துணை நின்றாரா, மாட்டிவிட்டாரா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.)

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து, அது என் கை, என் பொடி, மாமிக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் ஸ்ட்ரான்சியத்தில் ஆரம்பித்துக் குழி, எலக்ட்ரான், கோழிக்குஞ்சு வரைக்கும் போய்விட்டேன். விஷமில்லை, கதிர்வீச்சும் இல்லை, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லச் சொல்ல, ஷீட்டைத் தொட்டவர்கள் எல்லோரும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள். மாமி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "நான் செய்யச் சொன்னதுதான்" என்று ஆபீசரிடம் இரண்டாவது பொய்யையும் சொன்னார். வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர் என்பது அதிலேயே தெரிந்தது, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

ஆபீசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பொடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஷீட்டில் அது வேறு பொருள்தான், எனவே இந்த ஐந்துக்கும் தரம் இல்லை என்றார். தங்கராஜன் அண்ணன் நாற்காலியில் ஏறி அட்டையைக் கழற்றினார். அந்த அட்டை இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்தது, ஒரு காலை நேரம்கூட நிற்கவில்லை. மாமி அழவில்லை. வகுப்பு முடியும்வரை நேராக உட்கார்ந்து, எல்லாப் படத்தையும் பார்த்தார்.

திட்டு எல்லாம் ஆட்டோவில். ரப்பரைப் பற்றித் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். படித்த திமிர், சொல்லாமல் செய்தது எல்லாம் ஒரு வளைவுக்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மாமி என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்போ மாங்கா?"

ஒன்றும் இல்லை மாமி என்றேன். மாமி அந்த மாங்காய் யார் வீட்டு மரத்தில், யாரிடம் என்ன சொல்லிப் பறித்தது என்று ஆரம்பித்தார். சொல்லி வைத்த வீடுகளின் பெயரை ஆட்டோ வீட்டு வாசலில் நிற்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டோக்காரர் நடுவில் திரும்பி, எனக்கும் ஆரோ சொன்னாங்களே என்றார்.

அடுத்த வருஷம் மேடையில் பழையபடி சரோஜா அக்கா வீட்டு ஷீட். மாமியை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஷீட் அடிக்கிற இடத்துக்குள் நுழைய ஆயுள்தடை. (இந்தத் தண்டனையைக் கேட்டு அந்தப் பக்கத்து மருமகள்கள் பொறாமைப்படுகிறார்கள்.)

ஆனால் ஆபீசர் அந்தக் கை பதிந்த ஷீட்டை விடவில்லை. கூட்டம் முடிந்ததும் மாமியிடம் கேட்டு வாங்கிப்போனார். அம்பூரியில், வேறு எங்கெங்கோ, போகிற இடத்திலெல்லாம் அதைத் தொங்கவிட்டு முதலில் வெயிலில் காட்டுவாராம். இதில் குறை ஏதாவது தெரிகிறதா என்று கேட்பாராம். இல்லை என்பார்கள். விளக்கை அணைப்பாராம். கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் அழுக்குதான் என்று புரியவைக்க அதைவிட நல்ல பாடம் இல்லை என்று அவருக்கு ஒரே திருப்தி. ஒளிர்வதால் அந்தப் பொடி தீர்ந்துபோவதில்லை, வெயில் காட்டினால் குழிகள் மறுபடி நிறையும். அந்த ஆபீசர் மாறுதலாகிப் போகும்போது புதிதாக வந்தவரிடம் ஷீட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். சரோஜா அக்காவின் ஷீட் வருஷத்தில் ஒருநாள் மேடையேறும். மாமியின் ஷீட்டுக்கு ஓய்வே இல்லை.

போன வருஷம் அம்பூரியில் வகுப்பு. மாமிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். புதிய ஆபீசர் இளைஞர், எங்களைத் தெரியாது. விளக்கை அணைத்தார். கை வந்தது. இது யார் கை என்று எனக்கும் தெரியாது, பழைய ஆபீசர் சொல்லவில்லை என்று சிரித்தார்.

என் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. வேண்டாம் மாமி என்று புடவைத் தலைப்பைப் பிடித்தேன், அது நேரியது, வழுக்கிப் போயிற்று. மாமி எழுந்து நின்றுவிட்டார். வலது கையை நேரியதுக்குள் நன்றாகச் சுற்றி வைத்திருந்தார்.

"எனக்க கையாக்கும் சார்" என்றார். இந்தத் தடவை தலை குனியவில்லை.